அடைத்த வீட்டின் மணி

எங்கள் பூனைக்குத் தமிழ் வராது. ஆந்திராவில், கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. நைனா, அம்மா, நான் என்று மூன்று பேரும் நாளெல்லாம் தமிழில் கத்திக்கொண்டிருக்கும் வீட்டில் வளர்ந்த பூனை அது. ஆனாலும் நைனா அதோடு தெலுங்கில்தான் பேசுவார். ஏன் என்று கேட்டால், "எங்கிருந்தோ வந்த ஜீவன். தெரியாதவங்க கிட்ட தெலுங்குல பேசறதுதான மரியாத?" என்பார். வருஷக்கணக்கில் மடியில் தூங்கின பிறகும் அந்த மரியாதையை அவர் விடவில்லை. "ரா தல்லி, ரா" என்று அவர் ஒரு தரம் கூப்பிட்டால் போதும், எங்கிருந்தாலும் வந்து நிற்கும். நான் தொண்டை கிழியக் கூப்பிட்டால் ஒரு காதை மட்டும் திருப்பிவிட்டுத் தூங்கும். அவ்வளவு திமிர். சனியன் என்று திட்டிக்கொண்டே என் தட்டில் இருக்கிற மீனில் பாதியை அதற்குத்தான் போடுவேன்.

நான் திருப்பதியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். காலையில் புத்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து திருப்பதிக்கு ஒரு பஸ். வருகிறவர்களை உட்கார வைத்து, "இந்த எழுத்து தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று நாள் முழுக்கக் கேட்பது என் பிழைப்பு. கண்ணில் பட்டதைத்தான் நம்புவேன். இல்லாததைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பூனையின் பழக்கங்களைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. அது கிண்ணத்தில் தண்ணீர் குடிக்காது. குளியலறைக் குழாயில் சொட்டுகிற தண்ணீரைத்தான் தலையைச் சாய்த்து நக்கும். அதற்காகவே நைனா அந்தக் குழாயைச் சரிசெய்யாமல் விட்டிருந்தார். அவர் குளிக்கப் போனால் கட்டிலில் கிடக்கும் துண்டை வாயில் கவ்வி, பின்காலால் மிதித்துத் தடுக்கித் தடுக்கி, தரையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்க் குளியலறை வாசலில் போடும். தரையைத் துடைத்த ஈரத்துண்டால் அவரும் சந்தோஷமாக முதுகு துடைத்துக்கொள்வார். நைனாவுக்குப் பீடி இருமல் உண்டு. அவர் இருமி முடித்ததும், முடி சிக்கின தொண்டையோடு இதுவும் இரண்டு தரம் இருமும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யார் யாரென்று தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த மணி. சமையலறை மூலையில் சாமி அலமாரி. அதன் ஓரத்து ஆணியில் ஒரு சின்னப் பித்தளை மணி நூலில் தொங்கும். விடிகிற நேரத்தில் நைனா விளக்கேற்றி, மணியை ஆட்டி, திருத்தணி இருக்கிற திசையில் கும்பிட்டுவிட்டு விபூதி பூசிக்கொள்வார். பிறகு குனிந்து பூனையின் நெற்றியிலும் கட்டை விரலால் ஒரு பொட்டு வைப்பார். அதுவும் கண்ணை மூடி, முகத்தைத் தூக்கிக் காட்டும். அவர் கட்டை விரல் ஒரு பழைய காயத்தால் கோணிப்போனது. அதனால் பொட்டு எப்போதும் இடது காதுப் பக்கம் சாய்ந்திருக்கும். அம்மாவும் தினமும், "ஒரு நாளாச்சும் நேரா வெக்கறியா பாரு" என்பாள். பொட்டு வைத்த பிறகுதான் பால். நைனா எழ நேரமானால் பூனையே அலமாரியில் ஏறி, முன்காலால் மணியைத் தட்டும். பூஜைக்குக் கூப்பிடுகிறது என்று அவர் எல்லோரிடமும் பெருமை பேசுவார். பாலுக்குக் கூப்பிடுகிறது என்று எனக்குத் தெரியும்.

நைனா போன தை மாதம் போய்விட்டார். டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார், சாய்ந்தார், அவ்வளவுதான். அன்றைக்குக் கிருத்திகை. மாதா மாதம் முருகனுக்கு அவர் விரதம் இருந்த அதே நட்சத்திரம். பஞ்சாங்கம் பார்க்கிற சாமி வந்து விரலை மடக்கி எண்ணினார், பிறகு உதட்டைப் பிதுக்கினார். "இல்லு மூசேயாலி. மூடு நெலலு" என்றார். வீட்டை அடைக்க வேண்டும், மூன்று மாதம்.

எங்கள் பக்கத்தில் தமிழரும் தெலுங்கரும் ஒன்றுபோலப் பயப்படும் விஷயம் இது. சில நட்சத்திரங்களில் ஒருவர் போய்விட்டால், அந்த வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. விளக்கு வைக்கக் கூடாது, கெடு முடியும்வரை வாசல் திறக்கக் கூடாது. திறந்தால் போனவர் அதே வீட்டில் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போவார் என்பார்கள். எடுத்த கையோடு வீட்டைக் கழுவி, மெயின் சுவிட்சை அணைத்து, ஜன்னல்களைச் சாத்தி, பூட்டி, வாசற்படியில் வேலமுள் கிளையைப் போட்டார்கள். சாவியை நைனாவின் தம்பி தன் அரைஞாணில் கட்டிக்கொண்டார். சின்னநைனா என்று கூப்பிடுவேன். நாங்கள் நாலு வீடு தள்ளி ஒரு வாடகை அறைக்குப் போனோம். மாடு மட்டும் அடைத்த வீட்டின் பின்புறக் கொட்டகையிலேயே நின்றது. அம்மா விடியலில் போய்க் கறந்துவிட்டு வருவாள்.

பூனை எங்கே என்று நான் கேட்டது மறுநாள்தான். மேளமும் வெடியும் கேட்டு மிரண்டு ஓடியிருக்கும் என்றார்கள். "கரும்புக் கொல்லப் பக்கம் ஓடிச்சி, நானே பாத்தன்" என்றார் சின்னநைனா. அம்மா பால் வாளியைக் கழுவப் போய்விட்டாள். சாயந்தரங்களில் கரும்புக் கொல்லை வரப்பில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். வரவில்லை.

சில நாள் கழித்து எதிர்வீட்டு அக்கா என்னைத் தெருவில் நிறுத்தினாள். முகம் வெளுத்திருந்தது.

"தப்பா நெனச்சிக்காத. காத்தால கோலம் போட்டுக்கினு இருந்தன். உங்க வூட்டு உள்ள மணி அடிக்குது."

"எந்த மணி?"

"உங்க நைனா அடிப்பாரே, அந்த மணிதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவு வீட்டில் கதை கட்டுகிறாயா என்று கத்திவிட்டேன். மறுநாள் விடியலில் நானே போய் அடைத்த வீட்டின் பக்கச் சுவரோடு நின்றேன். பனி. தெருவில் யாருமில்லை. பின்னால் கொட்டகையில் அம்மா வாளி வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் உள்ளிருந்து மணி வந்தது. மெதுவாக, விட்டு விட்டு, நைனா தூக்கக் கலக்கத்தில் அடிக்கிற மாதிரியே. என் கை தானாகக் கும்பிட எழுந்தது. அடுத்த நொடியே புத்தி வந்தது. அட மடச்சி, பூனைடி! வெடிக்குப் பயந்து பரண் மேல் ஏறி ஒளிந்திருக்கிறது. அதோடு சேர்த்துப் பூட்டிவிட்டோம்.

சின்னநைனாவிடம் ஓடினேன். அவர் சாவியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"பூனைன்னு நீ சொல்ற. எனக்குத் தெரிலம்மா. கெடு முடியாத வாசல தொறந்தா யாரப் புடிக்கும்? கல்யாணம் ஆவாத பொண்ணு நீதான் அந்த வூட்டுல கீற."

அம்மாவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வோணாம். உன்ன ஒண்ணும் ஆவக்கூடாது. இன்னாவா இருந்தாலும் மூணு மாசம் பொறுத்துக்க" என்றாள். பொறுக்கலாம்தான். சோறில்லாமல் பூனை பொறுக்குமா?

அடுத்த நாளும் மணி அடித்தது, அதற்கு அடுத்த நாளும் அடித்தது. முதலில் எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. உயிரோடு இருக்கிறதே! குழாயில் தண்ணீர் சொட்டும், ஒன்றிரண்டு எலியாவது இருக்கும். ஆனால் ஒரு வாரம் போய் இன்னொரு வாரமும் போனது. எதிர்வீட்டு அக்கா முன்ஜன்னல் இடுக்கில், இருட்டில், வெள்ளையாக ஏதோ தரையோடு போய்க்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுக் காய்ச்சலில் படுத்தாள். துண்டு என்று எனக்குத் தெரியும். கட்டிலிலிருந்து குளியலறை வாசலுக்குப் போகிற துண்டு. ஆனால் அங்கே குளிக்க யார் இருக்கிறார்கள்? யாருக்காக இழுக்கிறது? ஒரு நாள் சுவரில் காதை வைத்தபோது இருமல் கேட்டது, இரண்டு தரம். நைனா இருமிய பிறகுதான் பூனை இருமும். முதல் இருமல் என் காதில் விழவில்லையா, அல்லது விழுந்தது அதுதானா என்று நினைத்ததும் சுவரிலிருந்து காதை எடுத்துவிட்டேன்.

ஒரு மாசமும் முடிந்தது. மணி அடிக்க அடிக்க என் நியாயம்தான் மெலிந்துகொண்டு வந்தது. இத்தனை நாள் பட்டினி கிடந்த பூனை உயிரோடு இருக்காது. இருந்தாலும் அலமாரியில் ஏறுகிற தெம்பு இருக்காது. பசித்த பூனை கத்தும், கதவைப் பிறாண்டும். அந்த வீட்டில் கத்தலே இல்லை. நான் பக்கத்து ஜன்னலில் வாயை வைத்து, "வாடி, வா, என் கண்ணு" என்று கெஞ்சினேன். உள்ளே குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும். யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நான் போவதற்காகக் காத்திருப்பது போல இருந்தது. கடையில் ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டி, "இப்ப தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள் அழுதுவிட்டேன். நைனாவுக்குக்கூட நான் அப்படி அழவில்லை. அவர் மடியில் கிடந்த உயிர் ஒன்று பூட்டின வீட்டில் காய்ந்து சாகிறது. அது பூனை இல்லையென்றால் வேறு என்ன? இரண்டில் எது நிஜமாக இருந்தாலும் எனக்குத் தாங்காது.

அம்மா மட்டும் எனக்கு விசித்திரமாக இருந்தாள். ஊரே பயந்து அந்த வீட்டுப் பக்கம் நடக்காமல் இருந்தபோது, அவள் விடியலில் மணி கேட்டால் முகம் தெளிந்து திரும்பி வருவாள். "அடிச்சிதா?" என்று நான் கேட்டால், "அடிச்சிது, அடிச்சிது" என்பாள். ஊர்க்கதை சொல்கிற மாதிரி சாதாரணமாக. என் அம்மாவுக்குப் பித்துப் பிடிக்கிறதோ என்று அந்தப் பயம் வேறு சேர்ந்துகொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமை போய்விட்டது. குளியலறைக்கு மேலே, பின்சுவரில் ஒரு வெண்டிலேட்டர் உண்டு. குறுக்கே கண்ணாடிப் பட்டைகள் செருகியிருக்கும். உருவினால் வந்துவிடும். ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். சின்னநைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து வழியை மறித்தார்.

"வாசல்தான தொறக்கக் கூடாது? இது வாசலா?" என்றேன்.

அவர் திகைத்துப்போய் அந்தப் பஞ்சாங்கச் சாமிக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் விஷயத்தைக் கேட்ட சாமி, "பில்லிக்கி நட்சத்திரம் லேதம்மா" என்று சிரித்தார். பூனைக்கு நட்சத்திரம் கிடையாதாம், அடைப்பும் கிடையாதாம். கை மட்டும் நீட்டலாம், கால் உள்ளே படக் கூடாது. இதை முன்பே கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை பாருங்கள்!

பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி அம்மாவிடம் கொடுத்தேன். உள்ளிருந்து அடைந்த காற்று முகத்தில் அடித்தது. பீடியும் விபூதியும் கலந்த நைனாவின் வாசனை. உள்ளே இருட்டு. "வாடி... வாடி தங்கம்..." என்றேன். ஒன்றுமில்லை. குழாய் சொட்டியது. எங்கோ தரையில் ஏதோ மெதுவாக இழுபட்டு, நின்றது. இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

அப்போது ஏணிக்குக் கீழே அம்மா தலையைத் தூக்கி, "ரா தல்லி, ரா" என்றாள்.

அம்மா அந்தப் பூனையிடம் ஒரு வார்த்தை தெலுங்கு பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அது பழகின குரல். தினம் கூப்பிடுகிற குரல். அடுத்த கணம் வாளி ஒன்று உருண்டது. தண்ணீர்த் தொட்டி விளிம்பிலிருந்து ஒரு தாவு, கதவு மேலிருந்து இன்னொரு தாவு, என் கைக்குள் கனமாக வந்து விழுந்தது பூனை. கனமாக! எலும்பும் தோலுமாக எதிர்பார்த்து நீட்டின கையில், தொப்பையும் மினுமினுக்கும் முடியுமாக, போனதைவிடக் கொழுத்து வந்திருக்கிறது. வந்ததும் வராததுமாக என் கழுத்தில் தலையை முட்டி, கர் கர் என்று செல்லமாக உறுமத் தொடங்கியது.

நான் இறங்கி அம்மாவைப் பார்த்தேன். அவள் பின்கதவைப் பார்த்தாள். கதவுக்கும் படிக்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு. டப்பா மூடி நுழையும், கை நுழையாது.

"மொத நாளே கத்திச்சிடி" என்றாள். "பால் கறக்கப் போனவ கேட்டன். மூடில பாலும் சோறும் வெச்சித் தள்ளினன். துன்னுடிச்சி. மறுநாளு பாலுக்கு மணி அடிக்குது. உங்க நைனா அடிக்கிற மாதிரியே அடிக்குது."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல? நான் செத்துப் பொழச்சிருக்கன்!"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? வாசல ஒடச்சிக்கினு உள்ள போவ. உன்ன இன்னான்னா புடிச்சிக்கினா நான் இன்னா பண்ணுவன்?" புடவையால் மூக்கைத் துடைத்தாள். "அப்புறம், மணியும் நின்னுபூடும்."

கோபத்தில் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் சின்னநைனா, "முருகா" என்று இரண்டடி பின்னால் போனார். அவர் பார்த்தது பூனையின் முகத்தை. வெயிலில் திருப்பிப் பார்த்தேன். நெற்றியில் விபூதி. புதுசாக, ஒரு கட்டை விரல் அகலத்துக்கு. இடது காதுப் பக்கம் சாய்ந்திருந்தது.

"இதயும் நீதான் வெச்சியாம்மா?"

"கையே போவாதுடி அந்தச் சந்துல" என்றாள் அம்மா. குரல் இறங்கிவிட்டது. "சோறு நான் போட்டன். பால் நான் வெச்சன். அத நான் வெக்கல."

மாடு மட்டும் அசை போட்டது. அம்மா வெகுநேரம் அந்தப் பொட்டையே பார்த்தாள். "இப்பவும் கோணலாத்தான் வெச்சிக்கீறாரு" என்றாள். கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு. பட்டைகளைத் திரும்பச் செருக அவள் விடவில்லை. அன்றிலிருந்து பூனை ராத்திரியெல்லாம் என் காலடியில் தூங்கிவிட்டு, விடிகிற நேரத்தில் எழுந்து போகும். நாலு வீடு தள்ளி மணி கேட்கும். அம்மா எழுந்து உட்காருவாள். சில நாள் பொட்டோடு திரும்பும், சில நாள் வெறும் நெற்றியோடு. பொட்டு இருந்தால் அன்றைக்கு அம்மா இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவாள்.

கெடு முடிந்து வீடு திறந்த அன்று, மாட்டை முதலில் உள்ளே விட வேண்டும் என்றார் சாமி. மாடு படியேற மாட்டேன் என்று நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. எல்லோரும் வாசலில் அதைத் தள்ளிக்கொண்டிருந்த சமயத்தில், நான் சாவியை வாங்கிப் பின்கதவு வழியாகச் சமையலறைக்குள் போனேன். எனக்குப் பார்த்தாக வேண்டும்.

சாமி அலமாரியில் விபூதிச் சம்படம் திறந்து கிடந்தது. மூடி தரையில். நைனா கடைசியாக அவசரத்தில் மூடாமல் போட்டிருப்பார். கொட்டின விபூதி மேல் தட்டெல்லாம் பூனைக்காலின் தடங்கள், பூப் பூவாக, ஒன்றின் மேல் ஒன்றாக. சம்படத்தின் விளிம்பில் இரண்டு முடிகள் ஒட்டியிருந்தன. மணியைத் தட்டிவிட்டு, பொட்டு வைக்க ஆளில்லாமல், அதுவே நெற்றியைக் கொண்டுபோய்த் தேய்த்துக்கொண்டிருக்கிறது. இதோ தெரிகிறது, பட்டப் பகலில், கண்ணுக்கு நேராக. நான் சொன்னது சரி. ஊர் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டலாம்.

அம்மாவின் கொலுசில்லாத காலடி நடையில் கேட்டது. நான் துப்பட்டாவால் தட்டை ஒரே துடையாகத் துடைத்தேன். தடங்கள் போயின. மூடியை எடுத்துச் சம்படத்தை இறுக்கி மூடினேன்.

அம்மா வந்து நின்றாள். அலமாரியைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள், சம்படத்தைப் பார்த்தாள்.

"மூடிதான் இருக்குது" என்றாள்.

"ஆமாம்மா. மூடிதான் இருக்குது."

"உன் கையில இன்னாடி?"

விரலெல்லாம் வெள்ளை. "தூசி" என்றேன்.

அம்மா என் கையையே பார்த்தாள். என்ன புரிந்துகொண்டாளோ, கேட்கவில்லை. ஒரு அடி முன்னால் வந்து, கண்ணை மூடி, முகத்தைத் தூக்கிக் காட்டினாள். "வெய்யி" என்றாள்.

கட்டை விரலால் வைத்தேன். இடது பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

"நேரா வெச்சியா?"

"இல்லம்மா. கோணலாப் போச்சி."

"போவட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா என் தோளில் சாய்ந்து, நைனா போனதிலிருந்து அழாத அழுகையை அழுதாள். கீழே என் காலடியில் பூனை வந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, தன் முறைக்காக முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தது.